நேர்முகத் தேர்வு முடிந்த பின் நீளும் காத்திருப்பு: ஐ.ஐ.எம். விண்ணப்பதாரர்கள் அறிய வேண்டியவை

புதுடெல்லி: இந்திய மேலாண்மைக் கழகங்களில் (ஐ.ஐ.எம்.) முதுநிலை மேலாண்மைப் படிப்பில் சேர விரும்புவோருக்கு, 'கேட்' எனப்படும் பொது நுழைவுத் தேர்வு முதல் கட்டம் மட்டுமே. அதில் உரிய மதிப்பெண் பெற்றவர்கள் எழுத்துத் திறன் தேர்வுக்கும் நேர்முகத் தேர்வுக்கும் அழைக்கப்படுகின்றனர். அந்த அறையை விட்டு வெளியே வந்த நாளுக்கும் இறுதிப் பட்டியல் வெளியாகும் நாளுக்கும் இடையே சில வாரங்கள், சிலருக்குச் சில மாதங்கள், கடந்து விடுகின்றன. காத்திருப்போர் பட்டியலில் இடம்பெறுபவர்களுக்கு இந்தக் காலம் மேலும் நீள்கிறது.

இந்த இடைவெளியில் விண்ணப்பதாரர்களின் மனதை அலைக்கழிப்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "நான் நன்றாகச் செய்தேனா?" ஆனால் அந்தக் கேள்விக்கு எந்த விடை கிடைத்தாலும், அதனால் முடிவு மாறப் போவதில்லை. மாறாக, இதே வாரங்களில் எடுக்கப்பட வேண்டிய சில முடிவுகளுக்குக் காலக்கெடு உண்டு. வேறொரு நிறுவனத்தின் இடத்தை ஏற்பதா, கட்டணம் செலுத்துவதா, பணியை விடுவதா, கல்விக் கடனுக்கு எப்போது விண்ணப்பிப்பது என்பன அவற்றில் சில. கவலைக்கு இடையே இந்தத் தேதிகளைத் தவறவிட்டால், கையில் இருக்கும் வாய்ப்பும் போய்விடக்கூடும்.

இந்தக் காத்திருப்பு ஏன் இவ்வளவு நீள்கிறது, அது மனதை எவ்வாறு பாதிக்கிறது, அந்த நாள்களில் செய்யத்தக்கவை எவை என்பதை இங்கே காணலாம்.

முடிவு வெளியாக ஏன் தாமதம்?

'கேட்' தேர்வு வழக்கமாக நவம்பர் மாத இறுதியில் ஒரே நாளில் மூன்று அமர்வுகளாக நடத்தப்படுகிறது. 2024-ஆம் ஆண்டுத் தேர்வு நவம்பர் 24-ஆம் தேதி நடைபெற்றது. அதன் முடிவுகள் டிசம்பர் 19-ஆம் தேதி வெளியாகின. அந்தத் தேர்வுக்கு சுமார் 3.29 லட்சம் பேர் பதிவு செய்திருந்தனர். அவர்களில் சுமார் 2.93 லட்சம் பேர் தேர்வை எழுதினர். இத்தனை பேருக்கான மதிப்பெண் ஒரு மாதத்துக்குள் வெளியாகும்போது, சில ஆயிரம் பேர் மட்டுமே பங்கேற்கும் நேர்முகத் தேர்வின் முடிவுக்கு மட்டும் ஏன் இவ்வளவு காலம் ஆகிறது என்ற கேள்வி எழுவது இயல்பே.

நேர்முகத் தேர்வுகள் பொதுவாக ஆண்டின் முதல் மூன்று அல்லது நான்கு மாதங்களில், பல நகரங்களில், பல குழுக்களால் நடத்தப்படுகின்றன. முதல் வாரத்தில் பங்கேற்றவரின் முடிவு, கடைசி வாரத்தில் பங்கேற்பவரின் மதிப்பெண்ணும் வந்து சேர்ந்த பிறகே உறுதியாகும். எனவே, முன்னதாக நேர்முகத் தேர்வை முடித்தவரே அதிக நாள் காத்திருக்க நேரிடுகிறது. அவருக்கு முடிவு வராமல் இருப்பதற்கும் அவர் அறையில் அளித்த விடைகளுக்கும் தொடர்பில்லை.

நேர்முகத் தேர்வு மதிப்பெண் மட்டுமே இறுதி முடிவைத் தீர்மானிப்பதும் இல்லை. 'கேட்' மதிப்பெண், பள்ளி மற்றும் கல்லூரிக் கல்வியில் பெற்ற மதிப்பெண்கள், பணி அனுபவம், எழுத்துத் திறன் தேர்வு ஆகியவை வெவ்வேறு விகிதங்களில் சேர்க்கப்பட்டு ஒட்டுமொத்த மதிப்பெண் கணக்கிடப்படுகிறது. இந்த விகிதம் ஒவ்வொரு ஐ.ஐ.எம்.முக்கும் வேறுபடும். அகமதாபாத் ஐ.ஐ.எம். அண்மை ஆண்டுகளில் பின்பற்றிய முறையில், நேர்முகத் தேர்வுக்கு 50 சதவீதமும், 'கேட்' மதிப்பெண்ணுக்கு 25 சதவீதமும், விண்ணப்ப மதிப்பீட்டுக்கு 15 சதவீதமும், எழுத்துத் தேர்வுக்கு 10 சதவீதமும் ஒதுக்கப்பட்டிருந்தன. அதாவது, விண்ணப்பதாரர் அறைக்குள் நுழைவதற்கு முன்பே ஒட்டுமொத்த மதிப்பெண்ணில் 40 சதவீதப் பகுதி தீர்மானமாகி விடுகிறது.

அதன் பிறகு இடஒதுக்கீட்டின்படி தனித்தனிப் பட்டியல்கள் தயாரிக்கப்படுகின்றன. மத்திய அரசின் கல்வி நிறுவனங்களில் பட்டியலினத்தவருக்கு 15 சதவீதம், பழங்குடியினருக்கு 7.5 சதவீதம், வளமான பிரிவினர் நீங்கலாக இதர பிற்படுத்தப்பட்ட வகுப்பினருக்கு 27 சதவீதம், பொருளாதாரத்தில் நலிந்த பிரிவினருக்கு 10 சதவீதம் வரை இடங்கள் ஒதுக்கப்படுகின்றன. மாற்றுத்திறனாளிகளுக்கான 5 சதவீத ஒதுக்கீடு இந்தப் பிரிவுகள் அனைத்திலும் உள்ளடங்கும்.

ஒப்பீட்டளவில் புதிய ஐ.ஐ.எம்.கள் பலவற்றுக்கு, திருச்சிராப்பள்ளி ஐ.ஐ.எம். உள்பட, அண்மை ஆண்டுகளில் பொதுவான சேர்க்கை நடைமுறை பின்பற்றப்பட்டு வருகிறது. இதில் விண்ணப்பதாரர் ஒரே ஒரு நேர்முகத் தேர்வில் பங்கேற்றால் போதுமானது. அந்த மதிப்பெண்ணை ஒவ்வொரு கழகமும் தனது விகிதப்படி கணக்கிட்டுக் கொள்ளும். எனவே, ஒரே நேர்முகத் தேர்வின் அடிப்படையில் ஒரு கழகத்தில் இடம் கிடைத்து மற்றொன்றில் கிடைக்காமல் போவதும் உண்டு.

காத்திருப்போர் பட்டியல் எப்படி நகர்கிறது?

அதிக மதிப்பெண் பெற்ற ஒருவருக்கு ஒரே நேரத்தில் பல கழகங்களில் இடம் கிடைக்கலாம். ஆனால் அவர் சேரப் போவது ஒன்றில் மட்டுமே. அவர் ஏற்காத இடங்கள், அந்தந்தக் கழகத்தின் காத்திருப்போர் பட்டியலில் அடுத்து இருப்பவர்களுக்குச் செல்கின்றன. அவர்களும் வேறொரு கழகத்தில் இடம் பெற்றிருந்தால், அங்கு மீண்டும் ஓர் இடம் காலியாகிறது. இந்தச் சங்கிலித்தொடர் பல சுற்றுகளாக நீடிக்கிறது.

இதனால் காத்திருப்போர் பட்டியலில் ஒருவரது எண் முன்னேறுவது, அவருக்குச் சற்றும் அறிமுகமில்லாத சிலர் எந்த நிறுவனத்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. கடந்த ஆண்டு எந்த எண் வரை அழைக்கப்பட்டது என்ற தகவல் ஓரளவு வழிகாட்டக்கூடும். ஆனால் இடங்களின் எண்ணிக்கை, மதிப்பெண் விகிதம், வேலைவாய்ப்புச் சூழல் ஆகியவை ஆண்டுதோறும் மாறக்கூடியவை என்பதால் அதனை உறுதியாகக் கொள்ள இயலாது. வாட்ஸ்ஆப், டெலிகிராம் குழுக்களில் பகிரப்படும் கணிப்புகளும் இதே தன்மை கொண்டவைதான். அவற்றில் பங்கேற்பாளர்கள் தாங்களாகக் கூறும் மதிப்பெண்களைச் சரிபார்க்க வழியில்லை.

உறுதியின்மை ஏன் வாட்டுகிறது?

கெட்ட செய்தி உறுதியாகத் தெரிந்திருப்பதைவிட, அது வருமா வராதா என்று தெரியாமல் இருப்பது அதிக மன அழுத்தம் தரக்கூடும் என்பதை லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஆய்வாளர்கள் 2016-ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு சுட்டிக்காட்டியது. 45 தன்னார்வலர்கள் பங்கேற்ற அந்த ஆய்வில், கணினித் திரையில் தெரியும் பாறைகளின் அடியில் பாம்பு உள்ளதா என அவர்கள் கணிக்க வேண்டும். பாம்பு இருந்தால் கையில் லேசான மின்னதிர்ச்சி தரப்படும். மின்னதிர்ச்சி நிச்சயம் உண்டு என்று தெரிந்தபோது இருந்ததைவிட, அதற்கான வாய்ப்பு சரிபாதியாக இருந்தபோதே பங்கேற்பாளர்களின் அழுத்தம் உச்சத்தை அடைந்தது.

காத்திருப்போர் பட்டியலின் நடுப்பகுதியில் இருப்பவர்கள், இடம் கிடைக்காது என்று அறிந்துவிட்டவர்களைக் காட்டிலும் அதிகம் தவிப்பதற்கு இந்த ஆய்வு ஒரு விளக்கம் தருகிறது.

தொழில்முறைத் தேர்வு முடிவுக்காகக் காத்திருப்போர் குறித்து அமெரிக்காவின் கலிபோர்னியா பல்கலைக்கழக (ரிவர்சைடு) உளவியல் பேராசிரியர் கேட் ஸ்வீனி தொடர்ந்து ஆய்வு செய்து வருகிறார். கலிபோர்னியாவில் வழக்கறிஞராகப் பணியாற்றுவதற்கான தகுதித் தேர்வை ஜூலை மாத இறுதியில் எழுதுவோர், முடிவுக்காக நவம்பர் வரை காத்திருக்க வேண்டும். அவ்வாறு காத்திருந்த 230 சட்டப் பட்டதாரிகளிடம் பல கட்டங்களாகக் கருத்து கேட்டு அவரது குழு மேற்கொண்ட ஆய்வும் 2016-ஆம் ஆண்டில் வெளியானது.

அந்த ஆய்வின் முடிவுகள் கவனிக்கத்தக்கவை. கவலையை மறக்க முயல்வது, நல்லதே நடக்கும் என்று தேற்றிக் கொள்வது, மோசமான முடிவுக்கு மனதைத் தயார்படுத்துவது போன்ற உத்திகள், காத்திருக்கும் காலத்தின் தவிப்பைப் பெரிய அளவில் குறைக்கவில்லை. ஆனால் அக்காலத்தில் கவலையோடும் ஐயத்தோடும் இருந்தவர்கள், முடிவு வெளியானபோது அதை மேலும் நன்றாக எதிர்கொண்டனர். தேர்ச்சி பெற்றபோது அவர்களது மகிழ்ச்சி அதிகமாக இருந்தது. தோல்வியுற்றபோது அடுத்த வழியைத் தேடுவதற்கு அவர்கள் ஆயத்தமாக இருந்தனர்.

இதிலிருந்து விண்ணப்பதாரர்கள் எடுத்துக் கொள்ளத்தக்க ஆறுதல் ஒன்று உண்டு. நேர்முகத் தேர்வுக்குப் பின் கவலைப்படுவது மனவலிமைக் குறைவின் அடையாளம் அல்ல. கவலை எழும்போது, "ஏன் கவலைப்படுகிறேன்" என்று தன்னையே கடிந்து கொள்ளத் தேவையில்லை.

தவிப்பைத் தணிக்க உதவுபவை

ஸ்வீனி குழுவினரின் பிந்தைய ஆய்வுகளில் இரண்டு வழிகள் ஓரளவு பயன் தந்தன. ஒன்று, நிகழ்கணத்தில் மனதை நிறுத்தும் தியானப் பயிற்சி. இதே வழக்கறிஞர் தேர்வு முடிவுக்காகக் காத்திருந்தவர்களிடம், வாரத்துக்கு ஒருமுறை 15 நிமிடம் செய்யப்பட்ட பயிற்சியே பலனளித்ததாக 2017-ஆம் ஆண்டு வெளியான ஆய்வு தெரிவித்தது.

மற்றொன்று, நேரம் போவதே தெரியாமல் ஈடுபடச் செய்யும் ஒரு செயல். அது மிக எளிதாக இருந்தால் மனம் மீண்டும் முடிவை நோக்கியே ஓடும்; மிகக் கடினமாக இருந்தால் சோர்வு தரும். திறமைக்கு ஏற்ற அளவு சவாலும், முன்னேற்றம் கண்ணுக்குத் தெரிவதும் முக்கியம். இசைக் கருவி பயில்வது, விளையாட்டு, சமையல், நிரல் எழுதப் பழகுவது, ஒரு புதிய மொழியைக் கற்பது ஆகியவற்றில் எதுவாகவும் அது இருக்கலாம். தொலைக்காட்சித் தொடர்களைத் தொடர்ந்து பார்ப்பது இதே அளவுக்கு ஈடுபாட்டைத் தருவதில்லை.

நேர்முகத் தேர்வில் கேட்கப்பட்ட கேள்விகளை மனதில் மீண்டும் மீண்டும் ஓட்டிப் பார்ப்பவர்களுக்கு ஓர் எளிய நடைமுறை உதவக்கூடும். கேட்கப்பட்ட கேள்விகள், அளித்த விடைகள், தடுமாறிய இடங்கள் ஆகியவற்றை ஒருமுறை முழுமையாக எழுதி வைத்துவிடலாம். அடுத்த நேர்முகத் தேர்வுக்கு அது பாடக்குறிப்பாகும். எழுதிய பிறகு அதே கேள்வி மனதில் எழுந்தால், அது ஏற்கெனவே குறிக்கப்பட்டுவிட்டது என்று நகர்ந்து செல்ல முடியும்.

தேர்வாளர்களின் முகக்குறிப்பைக் கொண்டு முடிவை ஊகிப்பதும் பயனற்றது. கடினமான துணைக் கேள்விகள், ஒருவரது விடையை நம்பாததால் கேட்கப்படலாம்; அவரது ஆழத்தை அறியும் ஆர்வத்தாலும் கேட்கப்படலாம். உரையாடல் விரைவில் முடிவதற்கு அன்றைய கால அட்டவணையே காரணமாக இருக்கலாம்.

தேதிகளைக் கைவிடக் கூடாது

காத்திருக்கும் வாரங்களில் விண்ணப்பதாரரின் கட்டுப்பாட்டில் இருப்பவை ஆவணங்கள், பணம், காலக்கெடு ஆகிய மூன்றும்தான்.

முதலாவதாக, விண்ணப்பித்த நிறுவனங்கள் அனைத்தையும் ஒரே தாளில் எழுதி, முடிவு எதிர்பார்க்கப்படும் நாள், இடத்தை ஏற்க வேண்டிய கடைசி நாள், முதல் தவணைத் தொகை, விலகினால் திரும்பக் கிடைக்கும் தொகை ஆகியவற்றைக் குறித்துக் கொள்வது நல்லது. ஒரு நிறுவனத்தின் ஏற்புக் கட்டணத்துக்கான கடைசி நாள், மற்றொன்றின் முடிவு வெளியாகும் நாளுக்கு முன்னதாக அமைவது அரிதல்ல. அப்போது எவ்வளவு தொகையை இழக்கத் தயார் என்பதைக் குடும்பத்தினருடன் முன்கூட்டியே பேசி முடிவு செய்திருந்தால், கடைசி இரவில் பதறத் தேவையிராது.

அகில இந்திய தொழில்நுட்பக் கல்விக் குழுமத்தின் (ஏ.ஐ.சி.டி.இ.) ஒப்புதல் பெற்ற நிறுவனங்களில், படிப்பு தொடங்கும் முன்பு மாணவர் விலகினால், அதிகபட்சமாக 1,000 ரூபாயைச் செயலாக்கக் கட்டணமாகப் பிடித்துக் கொண்டு மீதித் தொகையைத் திருப்பித் தர வேண்டும் என்பது விதி. ஆனால் ஐ.ஐ.எம்.கள் 2017-ஆம் ஆண்டின் தனிச் சட்டத்தின் கீழ் இயங்குபவை. அவற்றின் திரும்பப் பெறும் விதிகள் அந்தந்தக் கழகத்தின் சேர்க்கைக் கடிதத்தில் இடம்பெறும். கட்டணம் செலுத்தும் முன் அந்தப் பகுதியை முழுமையாகப் படிப்பது அவசியம்.

இரண்டாவதாக, சான்றிதழ்கள். இதர பிற்படுத்தப்பட்ட வகுப்பினருக்கும் பொருளாதாரத்தில் நலிந்த பிரிவினருக்கும் வழங்கப்படும் சான்றிதழ்கள் வருமானத்துடன் தொடர்புடையவை. நேர்முகத் தேர்வு பிப்ரவரி, மார்ச் மாதங்களில் நடந்தாலும், ஏப்ரல் 1-ஆம் தேதி புதிய நிதியாண்டு தொடங்கி விடுகிறது. எனவே, நேர்முகத் தேர்வின்போது ஏற்கப்பட்ட சான்றிதழுக்குப் பதிலாக, சேரும்போது புதிய சான்றிதழ் கேட்கப்படலாம். வட்டாட்சியர் அலுவலகத்தில் அதனைப் பெறுவதற்கு ஆகும் நாள்களைக் கணக்கில் கொண்டு, அழைப்பு வரும் வரை காத்திராமல் விண்ணப்பிக்கலாம். இறுதியாண்டு மாணவர்கள், பட்டப்படிப்பை முடித்ததற்கான சான்றை எந்தத் தேதிக்குள் அளிக்க வேண்டும் என்பதையும் அறிந்து வைத்திருக்க வேண்டும்.

மூன்றாவதாக, கல்விக் கடன். சேர்க்கைக் கடிதம் வந்த பிறகே கடன் ஒப்புதல் கிடைக்கும் என்றாலும், பெற்றோரின் வருமானச் சான்று, வங்கிக் கணக்கு அறிக்கை, மதிப்பெண் பட்டியல்கள் ஆகியவற்றை முன்னதாகவே திரட்டி வைக்க முடியும். மத்திய அமைச்சரவை 2024-ஆம் ஆண்டு நவம்பர் 6-ஆம் தேதி ஒப்புதல் அளித்த பிரதமரின் வித்யாலட்சுமி திட்டத்தின் கீழ், தகுதி பெற்ற உயர்கல்வி நிறுவனங்களில் சேரும் மாணவர்கள் பிணையமும் உத்தரவாதமும் இன்றிக் கடன் பெறலாம். 7.5 லட்சம் ரூபாய் வரையிலான கடனுக்கு அரசு 75 சதவீத உத்தரவாதம் அளிக்கிறது. ஆண்டு வருமானம் 8 லட்சம் ரூபாய் வரை உள்ள குடும்பங்களைச் சேர்ந்த மாணவர்களுக்கு, 10 லட்சம் ரூபாய் வரையிலான கடனுக்கு 3 சதவீத வட்டி மானியம் வழங்கவும் இத்திட்டத்தில் வழிவகை செய்யப்பட்டுள்ளது. தாம் சேரவுள்ள நிறுவனம் தகுதிப் பட்டியலில் உள்ளதா என்பதை விண்ணப்பதாரர்கள் திட்டத்தின் இணையதளத்தில் சரிபார்க்க வேண்டும்.

பணியில் இருப்பவர்கள், சேர்க்கை எழுத்துப்பூர்வமாக உறுதியாகும் வரை பதவி விலகல் கடிதம் அளிக்காமல் இருப்பதே பாதுகாப்பானது. அதே வேளையில், தங்கள் பணி ஒப்பந்தத்தில் உள்ள முன்னறிவிப்புக் காலம் படிப்பு தொடங்கும் நாளுடன் பொருந்துமா என்பதை இப்போதே கணக்கிட்டுக் கொள்ளலாம்.

காத்திருப்போர் பட்டியலில் "இடம் உறுதி செய்து தருகிறோம்" என்று பணம் கேட்டு வரும் தொலைபேசி அழைப்புகளையும் மின்னஞ்சல்களையும் நம்பக் கூடாது. கட்டணம் எதுவாயினும், நிறுவனத்தின் அதிகாரப்பூர்வ இணையதளத்தில் உள்ள விண்ணப்பதாரர் பக்கத்தின் வழியாக மட்டுமே செலுத்த வேண்டும்.

குடும்பத்தினரின் பங்கு

முடிவு என்ன ஆயிற்று என்று நாள்தோறும் கேட்பது அக்கறையின் வெளிப்பாடே என்றாலும், காத்திருப்பவருக்கு அது ஒவ்வொரு முறையும் உறுதியின்மையை நினைவூட்டுகிறது. முடிவு எதிர்பார்க்கப்படும் நாளையும், தெரிந்தவுடன் தானே சொல்வதாகவும் விண்ணப்பதாரர் ஒருமுறை தெளிவாகக் கூறிவிட்டால், பெற்றோரும் உறவினர்களும் அமைதி கொள்ள வாய்ப்புண்டு. கட்டண ஏற்பாடு, சான்றிதழ் பெறுதல் போன்ற வேலைகளில் பெற்றோர் பங்கேற்பதும் இரு தரப்பினருக்கும் உதவும்.

இடம் கிடைக்காவிட்டால்?

'கேட்' மதிப்பெண் ஓராண்டுக்கு மட்டுமே செல்லுபடியாகும். எனவே அடுத்த ஆண்டு சேர விரும்புவோர் மீண்டும் தேர்வெழுத வேண்டும். இத்தேர்வுக்கு உச்ச வயது வரம்பு இல்லை. இளநிலைப் பட்டத்தில் 50 சதவீத மதிப்பெண்ணும், பட்டியலினத்தவர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் எனில் 45 சதவீத மதிப்பெண்ணும் பெற்றிருந்தால் போதுமானது. 2024-ஆம் ஆண்டில் இதற்கான பதிவு ஆகஸ்ட் 1-ஆம் தேதி தொடங்கியது. ஆகவே, மே அல்லது ஜூன் மாதத்தில் ஏமாற்றம் அடைபவருக்கு, அடுத்த முயற்சி குறித்து முடிவெடுக்கச் சில வாரங்கள் கிடைக்கின்றன. இரண்டாம் முறை விண்ணப்பிக்கும்போது, முதல் நேர்முகத் தேர்வுக்குப் பின் எழுதி வைத்த குறிப்புகளும், இடைப்பட்ட ஓராண்டுப் பணி அனுபவமும் கைகொடுக்கும்.

தூக்கமின்மை, பசியின்மை, எதிலும் நாட்டமின்மை ஆகியவை இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தாலோ, உயிரை மாய்த்துக் கொள்ளும் எண்ணம் தோன்றினாலோ, உடனடியாக உதவி நாட வேண்டும். மத்திய அரசு 2022-ஆம் ஆண்டு அக்டோபர் 10-ஆம் தேதி தொடங்கிய 'டெலி-மானஸ்' தொலைபேசி ஆலோசனைச் சேவையை 14416 என்ற எண்ணில் 24 மணி நேரமும் கட்டணமின்றித் தொடர்பு கொள்ளலாம். தமிழ் உள்பட பல இந்திய மொழிகளில் இந்தச் சேவை வழங்கப்படுகிறது.